பில் இல்லாத லென்ஸும் வராத பூநாரையும்: வாசகர் கேள்விகள்

வடகிழக்குப் பருவமழை தொடங்கினால் போதும், எனக்கு வரும் கடிதங்களில் பாதி பறவைப் படம் எடுக்கும் லென்ஸ் பற்றித்தான். வேடந்தாங்கல், பள்ளிக்கரணை, கூந்தன்குளம், கோடியக்கரை என்று ஊர்ப் பெயர் மாறுகிறதே தவிர புலம்பல் மாறுவதில்லை. கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம்.

கேள்வி: வேடந்தாங்கலில் கூழைக்கடா, கரண்டிவாயன் எல்லாம் எடுக்க ஆசை. என்னிடம் 18-55 மி.மீ. லென்ஸ் மட்டும்தான் இருக்கிறது. அதன் முன்னால் திருகி மாட்டும் ‘டெலி’ கண்ணாடி ஆன்லைனில் 2,000 ரூபாய்க்குக் கிடைக்கிறது. வாங்கலாமா? (செங்கல்பட்டு)

பதில்: வேண்டாம். அதை நான் ஏற்கெனவே வாங்கி அழுதாயிற்று. கூழைக்கடா பஞ்சுப்பொதி மாதிரி வந்தது, ஓரமெல்லாம் ஊதா நிறம். வேடந்தாங்கலில் நீங்கள் நிற்பது ஏரிக்கரையில், பறவைகள் கூடு கட்டுவது தண்ணீருக்கு நடுவே நிற்கும் மரங்களில். லென்ஸில் இந்த மி.மீ. எண் கூடக்கூடத் தூரத்துப் பறவை கிட்டத் தெரியும்; அந்தத் தூரத்துக்கு 400 மி.மீ. இருந்தால் சமாளிக்கலாம், 600 இருந்தால் நிம்மதி. வருடத்துக்கு இரண்டு தடவை போகிறவர் என்றால் 150-600 ஜூம் ஒன்றை வாடகைக்கு எடுங்கள். அது ஏறக்குறைய 2 கிலோ கனக்கும், அரை நாள் தூக்கிப் பார்த்தால் சொந்தமாக வேண்டுமா என்று தோளே சொல்லிவிடும். எடுக்கும்போதே கடைக்காரர் எதிரில் முன்கண்ணாடி, பின்கண்ணாடி, லென்ஸின் வெளிக்கூட்டில் உள்ள கீறல் எல்லாவற்றையும் செல்போனில் படம் பிடித்துக்கொள்ளுங்கள். திருப்பிக் கொடுக்கும்போது “இந்தக் கீறல் புதுசு” என்று டெபாசிட்டில் கை வைப்பார்கள்.

கேள்வி: போன சீசனில் வாங்கிய லென்ஸை அதனுடைய தோல் பையிலேயே போட்டு, அந்துருண்டையும் வைத்து, பீரோவில் பூட்டி வைத்திருந்தேன். இப்போது உள்ளே பூஞ்சை. வாரண்டியில் சரிசெய்ய மாட்டேன் என்கிறார்கள். வழக்குப் போடலாமா? (சென்னை)

பதில்: யார்மேல்? பூஞ்சை பொதுவாக வாரண்டியில் வராது, வாரண்டி அட்டையிலேயே எழுதியிருக்கும், படித்திருக்க மாட்டீர்கள். தோல் பை ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். அந்துருண்டை பட்டுப்புடவைக்கு. மூடி இறுக்கமான பிளாஸ்டிக் டப்பா ஒன்றும் சிலிக்கா ஜெல்லும் போதும். ஆரஞ்சு நிற ஜெல் பச்சையானால், நீல நிற ஜெல் இளஞ்சிவப்பானால், சூடுபடுத்தி ஈரத்தைப் போக்கி மறுபடி வையுங்கள். உள்ளே ஈரப்பதம் 40-50 சதவீதம் இருந்தால் நல்லது. பூஞ்சையைச் சீக்கிரம் சுத்தம் செய்யக் கொடுங்கள். விட்டால் கண்ணாடியின் மேல் பூசியிருக்கும் மெல்லிய பூச்சையே அரித்துவிடும்.

கேள்வி: ஓய்வூதியப் பணத்தில் 95,000 ரூபாய்க்கு 600 மி.மீ. ஜூம் வாங்கினேன். பில் போட்டால் விலை கூடும் என்று சொல்லித் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தார்கள். மூன்றாவது வாரம் ஆட்டோஃபோகஸ் நின்றுவிட்டது. சர்வீஸ் சென்டரில் இது இந்திய வாரண்டியில் வந்த லென்ஸே இல்லை என்கிறார்கள். கடையில் ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது’ என்ற பலகையைக் காட்டுகிறார்கள். (தூத்துக்குடி)

பதில்: ஐயா, அந்தத் துண்டுச் சீட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். பணம் வங்கி வழியாகவோ யூபிஐ வழியாகவோ போயிருந்தால் அந்தப் பதிவையும் அச்செடுத்து வையுங்கள். வாட்ஸ்அப்பில் விலை பேசியிருந்தால் அதுவும் சாட்சிதான்.

இந்தப் பில் விவகாரத்தை நான் ஆரம்பித்தால் வீட்டில் ஒவ்வொருவராக எழுந்து போய்விடுகிறார்கள், ஆனாலும் சொல்கிறேன். “பில் வேண்டாம்னா 18 சதவீதம் மிச்சம்” என்று ஏதோ தன் சொந்தப் பணத்தை விட்டுக்கொடுப்பது போலச் சொல்வார்கள். மிச்சமானது வரி, போனது உங்கள் வாரண்டி. பில் தர மறுப்பதே 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிக நடைமுறை. குறையுள்ள பொருளை பில்லில் சொன்ன கெடுவுக்குள், கெடு எதுவும் இல்லையென்றால் 30 நாளுக்குள், திரும்ப எடுத்துக்கொண்டு பணம் தர மறுப்பதும் அதே வகைதான். அந்தப் பலகையைக் காட்டிச் சட்டத்தை மாற்ற முடியாது. நீங்கள் இன்னும் 30 நாளுக்குள்தான் இருப்பீர்கள் என்று நினைக்கிறேன், அதனால் இன்றைக்கே பணத்தைத் திருப்பிக் கேட்டு ஒரு கடிதம் எழுதி ஸ்பீடு போஸ்டில் அனுப்புங்கள். சர்வீஸ் சென்டர் சொன்னதை எழுத்தில் வாங்கிச் சேர்த்து வையுங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்குப் போன் செய்து புகாரைப் பதியுங்கள். அதிலும் நடக்கவில்லையென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கடை எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் தூத்துக்குடியிலேயே வழக்குப் போடலாம், 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் கிடையாது, வக்கீல் கட்டாயமில்லை, 2 வருட அவகாசமும் இருக்கிறது.

மற்றவர்களுக்கு: பணம் கொடுப்பதற்கு முன் பெட்டியைத் திருப்பிப் பாருங்கள். முறையாக இறக்குமதியான பெட்டியில் இறக்குமதியாளர் பெயர், முகவரி, எம்ஆர்பி, புகார் எண் எல்லாம் அச்சாகியோ ஸ்டிக்கராகவோ இருக்கும். அது இல்லையென்றால் விலை எவ்வளவு குறைவானாலும் கீழே வைத்துவிட்டு வாருங்கள். பெட்டியிலும் லென்ஸிலும் பில்லிலும் சீரியல் எண் ஒன்றாக இருக்கிறதா என்று கடையிலேயே சரிபாருங்கள்.

கேள்வி: மே மாத லீவில் வலசைப் பறவைகளை எடுக்க எந்த லென்ஸ் நல்லது? (சேலம்)

பதில்: டிசம்பரில் வாங்கும் லென்ஸ். மே மாதம் அவை பெரும்பாலும் ஊர் திரும்பியிருக்கும். கோடையில் கேமரா கை அரித்தால் தெரு மின்கம்பியில் பனங்காடை உட்கார்ந்திருக்கும், அதை எடுத்துப் பழகுங்கள்.

கேள்வி: ‘பூநாரை கட்டாயம் பார்க்கலாம்’ என்று விளம்பரம் செய்து, ஆளுக்கு 3,500 ரூபாய் வாங்கிக்கொண்டு பழவேற்காடு கூட்டிப் போனார்கள். ஒன்றுகூட இல்லை. பணம் கேட்டால் “இயற்கை சார்” என்கிறார்கள். (காஞ்சிபுரம்)

பதில்: இயற்கை என்பது உண்மைதான். தண்ணீர் அதிகமானால் பூநாரைக்குக் கால் எட்டாது, வற்றினால் இரை கிடைக்காது, ஏரியின் வேறு மூலைக்குப் போய்விடும். ஆனால் இதெல்லாம் விளம்பரம் எழுதும்போதும் அவர்களுக்குத் தெரியும்தானே? ‘கட்டாயம்’ என்ற சொல் இருக்கும் விளம்பரத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்து, தவறான விளம்பரம் என்று எழுதிக் கேளுங்கள். முழுப் பணமும் வருமா என்று சொல்ல முடியாது, கேட்காமல் விட்டால் ஒன்றும் வராது.

கேள்வி: 256 ஜிபி கார்டு 600 ரூபாய்க்கு வாங்கிக் கூந்தன்குளம் போனேன். வரித்தலை வாத்துக் கூட்டம் பறக்கும் படங்கள், திறந்தால் பாதிக்குமேல் சாம்பல் பட்டைதான். (மதுரை)

பதில்: வயிறு எரிகிறது. கார்டு போலி. உள்ளே 16 அல்லது 32 ஜிபிதான் இருக்கும், 256 என்று காட்டும்படி எழுதி வைத்திருப்பார்கள், நிஜ அளவு தாண்டியதும் பழைய படத்தின் மேலேயே எழுத ஆரம்பிக்கும். அந்தக் கார்டில் இனி எதையும் பதியாதீர்கள், ரிகவரி மென்பொருளில் கொஞ்சம் மீளலாம். ‘போலிப் பொருள்’ என்று குறிப்பிட்டே பணத்தைக் கேளுங்கள். அடுத்த கார்டு வாங்கியதும் வீட்டிலேயே வீடியோக்களால் முழுக்க நிரப்பி, திரும்பக் கணினிக்கு எடுத்து, முதல் வீடியோவிலிருந்து கடைசி வரை எல்லாம் ஓடுகிறதா என்று பாருங்கள்.

கேள்வி: பழைய லென்ஸ் ஒன்றை ஒருவர் விற்கிறார். என்ன பார்க்க வேண்டும்? (கோவை)

பதில்: பின்பக்கத்திலிருந்து செல்போன் டார்ச் அடித்து முன்பக்கம் வழியாகப் பாருங்கள், நூல் நூலாகத் தெரிந்தால் பூஞ்சை. அப்புறம் அவர் வீட்டு மொட்டை மாடிக்கே போய், பறக்கும் காக்கையை ஒரு இருபது படம் எடுங்கள். ஃபோகஸ் முன்னும் பின்னும் தேடிக்கொண்டே இருந்தால் நன்றி சொல்லி இறங்கிவிடுங்கள்.

கேள்வி: ஆறுமணிக்குருவியைக் குரல் போட்டு வரவழைக்க எந்த ப்ளூடூத் ஸ்பீக்கர் சத்தமாக இருக்கும்? (திருச்சி)

பதில்: சொல்ல மாட்டேன்.