கோடையில் கடிக்கும் பூச்சிகளைக் காட்டு மான்கள் எப்படிச் சமாளிக்கின்றன?

காதை அடிப்பது, வாலை ஆட்டுவது, தோலைச் சிலிர்ப்பது, காலை உதறுவது எல்லாம் ஓயாமல் நடக்கும். கடமான் சேற்றில் புரளும். உடம்பில் காய்ந்த சேறு கவசம் மாதிரி.

அதிகம் பாடுபடுவது வடதுருவப் பக்கத்துத் துருவமான்கள்தான். கொசு பெருகினால் காற்றடிக்கும் மேட்டுக்கோ, உருகாத பனித்திட்டுக்கோ ஏறி, நெருக்கியடித்து நிற்கும். நடுவில் நிற்பவற்றுக்குக் கடி குறைவு. அப்புறம், ஒருவகை ஈ பறந்தபடியே மூக்குத் துளைக்குள் உயிருள்ள புழுக்களைப் பீச்சிவிடும். அதற்குப் பயந்து மூக்கைத் தரையோடு ஒட்டி, தலை குனிந்து நிற்கும். பார்க்கவே பாவமாக இருக்கும்.

கடியைவிடப் பெரிய இழப்பு மேய்ச்சல்தான். தப்பி ஓடும் நேரத்தில் சாப்பிட முடியாது. குளிர்காலத்துக்கான கொழுப்பு சேராது. இளைத்த பெண்மான் அடுத்த ஆண்டு குட்டி போடாமலும் போகலாம்.