முக்கால் நிமிஷத்தை மிச்சம் பிடித்தவர்கள்

கேள்வி: உங்களுக்குப் பிடித்த பத்து சினிமாக்கள், எத்தனை தடவை பார்த்தாலும் அலுக்காத டி.வி. தொடர்கள் எவை? வழக்கம்போல ஊரைச் சுற்றாமல், ஓ.டி.டி.யில் டைட்டிலை ஸ்கிப் செய்கிற மாதிரி நேராக விஷயத்துக்கு வரவும்.
ஒரு வாசகர், கும்பகோணம்

பதில்: நீங்கள் ஸ்கிப் செய்கிற இடத்தில்தான் ஐயா விஷயமே இருக்கிறது.

நெட்ஃப்ளிக்ஸ்காரர்கள் அந்தப் பொத்தானை 2017ல் கொண்டுவந்தார்கள். ஐந்து வருஷம் கழித்து அவர்களே பெருமையாக ஒரு கணக்கும் சொன்னார்கள். உலகம் முழுக்க ஒரு நாளைக்கு 13.6 கோடித் தடவை அதை அமுக்குகிறார்களாம். அதில் மிச்சமாகும் நேரத்தைக் கூட்டினால் 195 வருஷமாம். ஒரே நாளில்! பென்சிலை எடுத்து வகுத்துப் பார்த்தேன். ஒரு அமுக்கலுக்கு முக்கால் நிமிஷம் வருகிறது. முக்கால் நிமிஷத்தில் சோபா இடுக்கில் விழுந்த ரிமோட்டைக்கூட எடுக்க முடியாது. போகட்டும், 195 வருஷம் 195 வருஷம்தானே? தினசரி இவ்வளவு சேமிக்கிற மனித குலம் அதை எங்கே கொண்டுபோய்ப் போட்டது? யாராவது வீணை கற்றுக்கொண்டார்களா? பங்காளியோடு இருக்கிற வரப்புத் தகராறைப் பேசித் தீர்த்தார்களா? எனக்குத் தெரிந்து, மிச்சம் பிடித்ததை அப்படியே அடுத்த எபிசோடில் கொட்டிவிட்டு, ராத்திரி இரண்டு மணிக்குக் கண் எரிகிறது என்று முகம் கழுவுகிறார்கள்.

அலுக்காத தொடர் கேட்டீர்கள். ‘மால்குடி டேஸ்’. எண்பதுகளில் தூர்தர்ஷனில் வந்தது. ஆர்.கே. நாராயணின் கதைகள், ஷங்கர் நாக் இயக்கம். கர்நாடகத்து ஆகும்பேவை மால்குடி ஆக்கிக் காட்டினார்கள். அதன் டைட்டிலை ஓட விடுங்கள். நாராயணின் தம்பி ஆர்.கே. லட்சுமணின் சித்திரங்கள் ஒவ்வொன்றாக வரும். கூடவே வார்த்தையே இல்லாத ஒரு ‘தானானா’. அந்தத் தானானாவைக் கேட்டதுமே ஊருக்குள் வந்துவிட்டோம் என்று ஆகிவிடும். அதைப் போட்டவர் எல். வைத்தியநாதன். அதே பெயர் ‘பேசும் படம்’ டைட்டிலிலும் இருக்கிறது. 1987ல் வந்த, வசனமே கிடையாத படம். பேச வேண்டியதில் பாதியை இசை பேசியாக வேண்டும், பேசியது. 1982ல் வந்த ‘ஏழாவது மனிதன்’ படத்தில் பாரதியார் பாட்டுகளுக்கு மெட்டுப் போட்டவரும் அவரேதான். மூன்றையும் உயிர் என்கிற ரசிகர்கள் என் நண்பர்களிலேயே உண்டு. மூன்றுக்கும் ஒரே ஆள் என்று சொன்னால் ‘அப்படியா!’ என்று வாயைப் பிளக்கிறார்கள். அப்படியேதான் சார். திரையில் எழுதியே காட்டினார்கள்.

ஒளிப்பதிவாளர் அசோக் குமார் கதையும் இதுதான். ‘உதிரிப்பூக்கள்’, ‘ஜானி’, பனி மூட்டத்தில் சுஹாசினியும் மோகனும் ஓடுகிற ‘நெஞ்சத்தைக் கிள்ளாதே’. கடைசியாகச் சொன்னதற்குத் தேசிய விருது. அதே மனிதர்தான் 1984ல் ‘மை டியர் குட்டிச்சாத்தான்’ 3டி படத்துக்கு ஒளிப்பதிவு செய்து, அட்டைக் கண்ணாடி மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த பிள்ளைகளை அலற வைத்தவர். பனியையும் படம் பிடிப்பார், பயத்தையும் படம் பிடிப்பார். இந்தச் சங்கதி தெரிந்தபிறகு அந்த நாலு படங்களையும் மறுபடி பார்க்கிற சுகமே வேறு. பிடித்த படம் என்று தனித்தனியாகப் பத்தைச் சொல்கிறவர்களைவிட, ஒரு பெயரைப் பிடித்துக்கொண்டு அடுத்த படத்துக்குப் போகிறவரைத்தான் நான் ரசிகர் என்று ஒப்புக்கொள்வேன்.

‘மெட்டி ஒலி’யை எடுத்துக்கொள்ளுங்கள். 2002லிருந்து 2005 வரை, ஐந்து பெண்களைப் பெற்ற சிதம்பரத்தின் கஷ்டத்தைத் தமிழ்நாடே தன் வீட்டுக் கஷ்டமாக அழுது தீர்த்தது. திருமுருகன் இயக்கம், டெல்லி குமார் அப்பா. அதன் டைட்டில் பாட்டுக்கு ஆடிய பெண்ணுக்கு என்ன பெயர்? ‘மெட்டி ஒலி’ சாந்தி. கதைக்குள் வந்து அழுதவர்களில் பாதிப் பேரை மறந்துவிட்டோம். டைட்டிலில் ஆடியவருக்கு இருபது வருஷமாகத் தொடரின் பெயரே இனிஷியல்! அன்றைக்கு உங்கள் கையில் அந்தப் பொத்தான் இருந்திருந்தால் அவர் முகமே யாருக்கும் தெரிந்திருக்காது. வெளிநாட்டுத் தொடர்தான் உசத்தி என்பவர்களுக்கு ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’. அதில் டைட்டிலில் வரும் வரைபடமே அந்த வாரக் கதை எந்தெந்த ஊருக்குப் போகிறதோ அதற்கேற்ப மாறும். அதையும் தாண்டிக் குதித்துவிட்டு, ‘இது எந்த ஊர், இவன் யார்?’ என்று பக்கத்தில் இருப்பவரைப் பிடுங்குகிறீர்கள்.

டைட்டில் என்பது கல்யாணப் பத்திரிகை மாதிரி. சாப்பிட வந்தவனுக்கு அதில் இருக்கிற பெயர்கள் முக்கியமில்லை. பெயர் இருக்கிறவனுக்கு அதுதான் கல்யாணமே. ‘தங்கள் நல்வரவை விரும்பும்’ என்று போட்டு, அதற்குக் கீழே சின்னத் தாத்தாவின் பெயர் விட்டுப்போனதால் மூன்று தலைமுறை பேசாத குடும்பங்களை நமக்குத் தெரியாதா? பெரியப்பா மேலேயா, தாய்மாமன் மேலேயா என்று பிரஸ் வாசலில் நின்று ராத்திரி பதினொரு மணிக்குப் பஞ்சாயத்து நடக்கும். கடைசியில் விவரம் தெரிந்த பிரஸ்காரர் ஒருவர் பெரியப்பாவை இடது பக்கம் கொஞ்சம் கீழேயும், மாமாவை வலது பக்கம் கொஞ்சம் மேலேயும் போடுவார். இடமிருந்து படித்தால் பெரியப்பா முதல். மேலிருந்து படித்தால் மாமா முதல். இரண்டு வீட்டிலும் அடுப்பு எரியும். இதையேதான் 1974ல் ஹாலிவுட்டில் ‘டவரிங் இன்ஃபெர்னோ’ படத்துக்குச் செய்தார்கள். இரண்டு ஹீரோக்களில் ஸ்டீவ் மெக்வீன் பெயர் இடது பக்கம் கீழே, பால் நியூமன் பெயர் வலது பக்கம் மேலே. கோடிக்கணக்கில் செலவழித்து அவர்கள் கண்டுபிடித்ததை நம் ஊர் அச்சகத்தில் ஒரு டீக்கு முடித்துக்கொடுத்திருப்பார்கள். பத்திரிகை கச்சிதமாக வந்தபிறகும் ‘என் பெயருக்குப் பின்னால் பி.ஏ. போடவில்லை’ என்று ஒரு சித்தப்பா மொய் வைக்காமல் போவார். அது வேறு அத்தியாயம்.

இந்த இடத்தில் என் பழைய சினேகிதர், இன்னொரு பத்திரிகையின் ஆசிரியர், சிரிப்பார். ‘லைட்மேன் பெயரைத் தெரிந்துகொண்டு நான் என்ன செய்யப்போகிறேன்?’ என்பது அவர் கட்சி. படம் முடிந்து எழுத்து ஓட ஆரம்பித்ததும் பார்க்கிங்கில் வண்டி எடுக்க ஓடுகிற ஜாதி. 2008ல் ‘அயர்ன் மேன்’ படத்தில் எழுத்தெல்லாம் ஓடி முடிந்தபிறகு ஒற்றைக் கண்ணர் ஒருவர் வந்து நின்ற நாளிலிருந்து, ஆசாமி கடைசிவரை உட்கார்ந்திருக்கிறார். எழுத்தைப் படிக்கிறார் என்று நினைத்துவிட வேண்டாம், போனைப் பார்க்கிறார். அவருடைய இதழில் முதல் பக்கத்தில் அவர் பெயர் கொட்டை எழுத்தில் இருக்கும். பிழை திருத்துபவர் பெயர் எங்கேயும் இருக்காது. பிழைகளைப் பார்த்தால் அப்படி ஒருவர் இருப்பதாகவும் தெரியாது.

லைட்மேன் பெயரால் என்ன பயன் என்பதற்குப் பதில் ஃபிலிம் நியூஸ் ஆனந்தன். 1958ல் ‘நாடோடி மன்னன்’ படத்துக்கு பி.ஆர்.ஓ. வேலை பார்த்தவர், தமிழ் சினிமாவில் அந்த உத்தியோகத்துக்கே பிள்ளையார் சுழி அவர்தான். எந்தப் படம், எப்போது வெளியானது, யார் யார் வேலை பார்த்தார்கள் என்று ஸ்டில்லும் குறிப்புமாகச் சேர்த்துக்கொண்டே போனார். பிறகு அரசாங்கமே அந்தச் சேகரிப்பை வாங்கியது. 2016ல் காலமானார். இன்றைக்குத் தமிழ் சினிமா வரலாறு என்று யார் எழுதினாலும் அவர் தோள் மேல் ஏறி நின்றுதான் எழுதியாக வேண்டும். முதல் தமிழ்ப் பேசும் படமான ‘காளிதாஸ்’ 1931ல் வந்தது. அதன் பிரிண்ட் ஒன்றுகூட இன்று கிடையாது. டி.பி. ராஜலட்சுமி நடித்தார், எச்.எம். ரெட்டி இயக்கினார் என்று நாம் பேசிக்கொண்டிருப்பது, யாரோ காகிதத்தில் அச்சடித்த பெயர்களை வேறு யாரோ தூக்கிப் போடாமல் வைத்திருந்த புண்ணியம். அந்தக் காலத்துப் பாட்டுப் புத்தகத்தைக் கையில் எடுத்துப் பார்த்திருக்கிறீர்களா? தொட்டால் உதிர்கிற காகிதம். நடிகர், நடிகையர் பட்டியல், பாட்டுகள், பாதிக் கதை, கடைசியில் ‘மீதியை வெள்ளித்திரையில் காண்க’. வெள்ளித்திரையில் காண வேண்டிய மீதி எத்தனையோ படங்களுக்குப் போய்விட்டது. புத்தகம் இருக்கிறது.

எல்லா டைட்டிலுக்கும் நான் வக்காலத்து வாங்கவில்லை. தயாரித்தவர், வழங்குபவர், வெளியிடுபவர் என்று வரிசையாக நாலு கம்பெனி லோகோ. ஒன்றில் சிங்கம், ஒன்றில் கழுகு. அதற்கப்புறம் நன்றி, நன்றி, நன்றி என்று ஷூட்டிங்குக்கு இளநீர் கொடுத்தவர்வரை ஒரு சுற்று. இதற்கெல்லாம் நானும் முறுக்கு வாங்க எழுந்து போகிறவன்தான். ஆனால் 1992ல் ‘அண்ணாமலை’யில் தேவாவின் இசையோடு புள்ளி புள்ளியாக ‘சூப்பர் ஸ்டார்’ என்று எழுத்துக் கூடி வந்ததே, அதற்கு எழுந்து போனவர் எவராவது உண்டா? கொட்டகையில் பாதிப் பேர் எழுந்து நின்றார்கள். அது வேறு காரணம்.

பத்து கேட்டீர்கள். மேலே எண்ணிப் பாருங்கள், ஐந்தாறு தேறும். இன்னும் ஒன்று வேண்டுமானால் ‘காதலிக்க நேரமில்லை’, 1964. ‘ஓஹோ புரொடக்‌ஷன்ஸ்’ முதலாளி நாகேஷ், அப்பா பாலையாவுக்குப் பேய்க்கதை சொல்கிற அந்த ஒரு சீனுக்காகவே. நாகேஷின் கையையும் வாயையும் எல்லாரும் பார்ப்பார்கள். நீங்கள் பாலையாவின் கண்ணை மட்டும் பாருங்கள். பேய் அங்கேதான் வருகிறது. அந்தப் படத்துக்கு வசனம் எழுதியது ஸ்ரீதரும் சித்ராலயா கோபுவும். கோபு என்றால் யார் என்று எனக்கு இன்னொரு கடிதம் போட வேண்டாம். படத்தின் முதல் சில நிமிஷத்திலேயே அவர் பெயர் வந்துவிடும், உங்களுக்குத்தான் அவசரம்.