சாக்லேட் மால்ட் பவுடரைக் குழந்தைக்குத் தினமும் பாலில் போட்டுக் கொடுக்கலாமா?

ருசிக்காகக் கொடுக்கலாம். சத்துக்காக என்று நினைத்துக் கொடுக்காதீர்கள்.

பையனுக்கு ஆறு வயது, வெறும் பாலைத் தொடவே மாட்டேன் என்கிறான், ரெண்டு ஸ்பூன் பவுடர் போட்டால்தான் டம்ளர் காலியாகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். பாலக்கோடு பக்கம் எங்கள் வீட்டிலும் மகளோடு இதே பாடுதான். என் அம்மா, பேத்தி மேல் இருக்கும் பாசத்தில் ரெண்டு ஸ்பூன் பவுடர் போட்டு, அதற்கு மேல் ஒரு ஸ்பூன் சர்க்கரையும் போடுவார், காலையில் ஒரு டம்ளர், சாயங்காலம் ஒரு டம்ளர்.

2023-ல் போர்ன்விட்டாவில் இருக்கும் சர்க்கரையைப் பற்றி ஒரு வீடியோ பரவியதே, அப்போது அந்த நிறுவனமே சொன்ன கணக்கு 20 கிராம் பவுடரில் சேர்த்த சர்க்கரை 7.5 கிராம் என்பது. பிறகு அதைக் குறைத்தார்கள். ஆனாலும் அந்தக் கணக்கில் ரெண்டு ஸ்பூனைச் சுமார் 20 கிராம் என்று வைத்து எங்கள் வீட்டு ரெண்டு டம்ளரைப் போட்டுப் பார்த்தேன்: பவுடரில் 15, அம்மா போட்டது சுமார் 10, மொத்தம் 25 கிராம். பெரியவர்களுக்கே ஒரு நாளைக்கு அதற்குள் இருந்தால் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். அன்றைக்கு எனக்கு மனசே சரியில்லை. 2024 ஏப்ரலில் மத்திய அரசு, இந்தப் பானங்களை 'ஹெல்த் டிரிங்க்' என்ற பிரிவில் வைக்க வேண்டாம் என்று ஆன்லைன் கடைகளுக்குச் சொன்னது. 2006-ஆம் வருட உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அப்படி ஒரு வகையே கிடையாது.

மால்ட் கெட்டது என்று சொல்லவில்லை. தானியத்தை முளைகட்டிக் காய வைப்பதுதான் மால்ட், டப்பாவில் வருவது பெரும்பாலும் பார்லி. முளைக்கும்போது உள்ளே இருக்கும் மாவுச்சத்து கொஞ்சம் சர்க்கரையாக உடையும், அதனால்தான் அந்த லேசான இனிப்பு. இதையே நாம் ராகியில் செய்யலாம். தருமபுரி, கிருஷ்ணகிரி மண்ணில் விளைவது, களி கிண்டாத வீடு கிடையாது, 2023-லிருந்து தருமபுரி ரேஷன் கடையிலேயே மாதம் 2 கிலோ கொடுக்கிறார்கள். 100 கிராமில் கால்சியம் மட்டும் 340 மில்லிகிராமுக்கு மேல்.

நாங்கள் செய்வது இப்படி: ராகியைக் கல், மண் போகக் கழுவி ராத்திரி ஊற வைத்து, காலையில் ஈரத்துணியில் கட்டித் தொங்கவிட்டால் ஒன்றரை நாளில் வெள்ளையாக முளை வந்துவிடும் (மழைக்காலம் என்றால் இன்னும் நேரமாகும், புளித்த வாடை வந்தால் தூக்கிப் போட்டுவிடுங்கள்). நிழலில் நன்றாகக் காய வைத்து, கையால் தேய்த்து வேரைப் புடைத்துவிட்டு, இளஞ்சூட்டில் வாசம் வரும்வரை வறுத்து மில்லில் அரைக்க வேண்டும். சாதாரண ராகி மாவு போலக் கட்டி தட்டாது, கஞ்சி தண்ணியாகத்தான் இருக்கும், பயப்பட வேண்டாம். ஒரு ஸ்பூனைத் தண்ணீரில் கரைத்துக் காய்ச்சி, பால் ஊற்றி, கால் ஸ்பூன் இனிப்பில்லாத கோகோ தூள் போட்டால் நிறமும் வாசமும் குழந்தைக்குப் பழகியதுபோலவே இருக்கும். வெல்லம் போடுவதென்றால் துளி போதும், அதுவும் சர்க்கரைதான்.

ஒரே நாளில் மாற்றாதீர்கள், பையன் கண்டுபிடித்துவிடுவான். முதல் வாரம் வெள்ளைச் சர்க்கரையை மட்டும் நிறுத்துங்கள். அடுத்து பவுடரை ஒரு ஸ்பூனாக்கி, மீதிக்கு ராகி. எங்கள் மகளுக்கு முழுசாக மாற ஒன்றரை மாதம் ஆனது. இப்போதும் ஞாயிற்றுக்கிழமை மட்டும் பழைய டப்பாவைக் கேட்பாள், ஒரு ஸ்பூன் போட்டுக் கொடுத்துவிடுவோம்.