தாயும் சேயும் ஏன் அளவுகோல்?

கேள்வி: சர்க்கரை நோயும் மாரடைப்பும் இத்தனை பேரைக் கொண்டுபோகும்போது, நாட்டின் ஆரோக்கியத்தை அளக்கத் தாய் இறப்பையும் சிசு இறப்பையும் முதலில் எடுத்துக்கொள்வது ஏன்?
- வாசகி, பாம்பன்

பதில்: அறுபது வயதில் வரும் மாரடைப்பு, முப்பது நாற்பது ஆண்டுப் பழக்கங்களின் விளைவு. பிறந்து ஓராண்டு நிறையாத குழந்தையின் இறப்போ, இன்று அந்த வீட்டிலும் ஊரிலும் என்ன குறை என்பதை உடனே காட்டிவிடும். அதனால்தான் உயிருடன் பிறந்த 1,000 குழந்தைகளில் எத்தனை முதல் பிறந்தநாளுக்கு முன் இறந்தன என்றும், ஒரு லட்சம் பிறப்புகளுக்கு எத்தனை பெண்கள் கர்ப்ப காலத்திலோ அது முடிந்த 42 நாட்களுக்குள்ளோ அதன் காரணமாக இறந்தார்கள் என்றும் கணக்கிடுகிறார்கள்.

பிரசவத்துக்குப் பின் ஏற்படும் கடும் ரத்தப்போக்கு, தடுக்காவிட்டால் இரண்டு மணி நேரத்துக்குள் உயிரைப் பறித்துவிடக்கூடும். அந்தத் தாய் பிழைக்க வேண்டுமானால், முன்பே ரத்தசோகை கண்டறியப்பட்டு மாத்திரையும் சத்தான உணவும் கிடைத்திருக்க வேண்டும். கருப்பையைச் சுருங்கச் செய்யும் ஊசி மருந்து, மின்வெட்டிலும் குளிர் குறையாத பெட்டியில் இருந்திருக்க வேண்டும். இரவுப் பணியில் செவிலியர், வண்டி, சாலை, அவளுடைய வகை ரத்தம் எல்லாம் ஒரே நேரத்தில் வாய்க்க வேண்டும். இவற்றில் ஒன்று தவறினாலும் அந்த இறப்பு கணக்கில் ஏறிவிடுகிறது. உங்கள் தீவையே பாருங்கள்: 1988இல் சாலைப் பாலம் திறக்கப்படும் வரை, ரயிலையும் படகையும் விட்டால் மண்டபம் கரைக்கு வர வேறு வழி இருந்ததில்லை. அந்தப் பாலத்தை நான் பேறுகால மருத்துவத்தின் ஒரு பகுதியாகவே எண்ணுகிறேன்.

கடலுக்கு அந்தப் பக்கம் உள்ள இலங்கையில் 1930களில் ஒரு லட்சம் பிறப்புகளுக்கு ஏறத்தாழ 2,000 தாய்மார்கள் இறந்தார்கள். 1926இல் களுத்துறையில் தொடங்கிய, ஒரு வட்டார மக்களின் நோய்த்தடுப்பையும் தாய்சேய் நலத்தையும் ஒரே குழு கவனிக்கும் சுகாதாரப் பிரிவு முறையும், வீடு வீடாகச் சென்ற பயிற்சி பெற்ற மருத்துவிச்சிகளும், கட்டணமில்லாத மருத்துவமனைகளும் சேர்ந்து இன்று அதை 50க்குக் கீழே கொண்டுவந்துவிட்டன. செல்வம் பெருகும் வரை அவர்கள் காத்திருக்கவில்லை. நம் பக்கம் 2018–20 கணக்கில் தாய் இறப்பு இந்தியாவில் 97, தமிழ்நாட்டில் 54, கேரளத்தில் 19. தமிழ்நாட்டின் எண் பாராட்டத்தக்கதுதான்; ஆனால் பக்கத்து மாநிலத்தைப் பார்க்கும்போது மனம் ஆறவில்லை.

கேள்வி: எங்கள் வட்டாரத்தில் இந்த ஆண்டு தாய் இறப்பே இல்லை. இனிக் கவலை இல்லை என்று கொள்ளலாமா?
- வாசகர், தொண்டி

பதில்: மகிழ்ச்சியான செய்திதான், ஆனால் அப்படி முடிவு கட்ட இயலாது. ஆண்டுக்கு 20,000 பிறப்புகள் உள்ள ஒரு மாவட்டத்தில் ஒரே ஓர் இறப்பு விகிதத்தை 5 புள்ளி உயர்த்திவிடும். வட்டார அளவில் எண் இன்னும் தாவும். மாநில விகிதத்தையே மூன்றாண்டுகளைச் சேர்த்துத்தான் வெளியிடுகிறார்கள். சிறிய பகுதிகளில், நிகழ்ந்த ஒவ்வொரு இறப்பும் எங்கே, எந்தத் தாமதத்தால் நேர்ந்தது என்று விசாரிப்பதே பயன் தரும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சிசு இறப்புகளில் பெரும்பகுதி முதல் 28 நாட்களுக்குள் நேர்கிறது. நம் வழக்கப்படி தலைப்பிரசவம் தாய்வீட்டில். புகுந்த ஊர்ச் செவிலியர் அந்தப் பெண் தாய்வீட்டில் இருக்கிறாள் என்றும், தாய்வீட்டு ஊர்ச் செவிலியர் அவள் தம் பதிவேட்டில் இல்லை என்றும் விட்டுவிட்டால், அந்த நாட்களில் குழந்தையைப் பார்க்க எவரும் வரமாட்டார்கள். ஆகவே ஊர் மாறும் அன்றே இரண்டு ஊர்ச் செவிலியர்களிடமும் தெரிவித்து, கர்ப்பப் பதிவு எண்ணையும் கையோடு எடுத்துச் செல்லச் சொல்லுங்கள்.