ஆப்பிரிக்கக் காட்டுக்குக் குழந்தைகளோடு: கேட்டீர்கள், சொல்கிறேன்

நைரோபியில் 11 வருடமாகக் குடியிருக்கிறோம். ஊரிலிருந்து சொந்தக்காரர்கள் வரும்போதெல்லாம் அவர்களைக் கூட்டிக்கொண்டு மசாய் மாரா, அம்போசெலி, நகுரு என்று கென்யாவின் வனவிலங்குப் பூங்காக்களுக்குப் போய் வருவது எங்கள் வீட்டு வழக்கம். கைக்குழந்தையோடும் போயிருக்கிறேன், எழுபது வயது மாமியாரோடும் போயிருக்கிறேன். சஃபாரி பற்றிச் சந்தேகம் இருந்தால் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்த கேள்விகளும் என் பதில்களும் கீழே.

அக்கா, மே மாத லீவில்தான் எங்களால் வர முடியும். அப்போது வில்டபீஸ்ட் (மாடு போலத் தெரியும் பெரிய மான் இனம்) கூட்டம் ஆற்றைக் கடப்பதைப் பார்க்கலாமா?

மே மாதத்தில் பார்க்க முடியாது. மார்ச் முதல் மே வரை கென்யாவில் பெருமழைக் காலம். நம் ஊர்ப் பள்ளி விடுமுறை சரியாக அதில் வந்து விழுகிறது. மாராவின் கரிசல் மண்ணில் வண்டி சிக்கினால் இழுத்துவிட இன்னொரு வண்டி வர வேண்டும். ஆனால் தங்குமிடங்களின் விலை குறைந்திருக்கும், புல்வெளி பச்சையாக இருக்கும், சிங்கமும் யானையும் எப்போதும் போல அங்கேதான் இருக்கும். மழைக்குத் தயாராக வருவதென்றால் தாராளமாக வாருங்கள்.

அந்தக் கூட்டம் ஒரே இடத்தில் நிற்பதில்லை. பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட வில்டபீஸ்ட்களும் அவற்றோடு லட்சக்கணக்கான வரிக்குதிரைகளும் மழையையும் புதுப் புல்லையும் தேடி வருடம் முழுக்க வட்டமாக நடந்துகொண்டே இருக்கின்றன. ஜனவரி முதல் மார்ச் வரை பக்கத்து நாடான தான்சானியாவில், செரெங்கெட்டிப் புல்வெளியின் தெற்கே, ண்டுடு பக்கம், குட்டி போடும் காலம். பிறந்த குட்டி சில நிமிடங்களில் எழுந்து நிற்கும், கொஞ்ச நேரத்தில் தாயோடு ஓடவும் தொடங்கிவிடும். ஜூலை வாக்கில் வடக்கே வந்து, அக்டோபர் வரை மாரா ஆற்றை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகக் கடக்கும்.

எந்த நாளில் கடக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. கரையில் நாலு மணி நேரம் காத்திருந்து, முன்னால் நின்ற ஒன்று பின்வாங்கியதும் மொத்தக் கூட்டமும் திரும்பிப் போனதைப் பார்த்திருக்கிறேன். அரையாண்டு விடுமுறையில், அதாவது டிசம்பர் கடைசியில் வர முடிந்தால் வானம் பெரும்பாலும் தெளிந்திருக்கும். ஆற்றைக் கடக்கும் காட்சி கிடைக்காது, மற்றதெல்லாம் கிடைக்கும்.

ஏழு நாளில் மாரா, நகுரு, அம்போசெலி, செரெங்கெட்டி எல்லாவற்றையும் முடித்துவிடலாமா?

தயவுசெய்து வேண்டாம். மாராவும் செரெங்கெட்டியும் வரைபடத்தில் ஒட்டியிருக்கும். மிருகங்களுக்கு அங்கே எல்லை இல்லை, நமக்கு உண்டு. சுற்றுலாப் பயணிகள் அங்கே நேராகக் கடக்க முடியாது. இசபானியா எல்லைச் சாவடி வழியாகச் சுற்றிப் போக வேண்டும், ஒரு முழு நாள் அதில் போய்விடும். நைரோபியிலிருந்து மாராவுக்கே ஐந்தாறு மணி நேரம். கடைசிப் பகுதியில் குலுக்கி எடுக்கும்.

நானாக இருந்தால் மாராவில் மூன்று இரவு, நகுருவில் ஒரு இரவு, மிச்சம் நைரோபி. நகுருவில் கருப்பு, வெள்ளை இரண்டு வகைக் காண்டாமிருகமும் உண்டு. நைரோபியில் ஊரை ஒட்டியே ஒரு தேசியப் பூங்கா இருக்கிறது, 1946ல் ஏற்படுத்தியது. பின்னால் அடுக்குமாடிகள் தெரிய ஒட்டகச்சிவிங்கி மேய்வதைக் காலை ஆறு மணிக்குப் பார்த்துவிட்டு மதியம் வீட்டில் சாப்பிடலாம்.

செலவு?

விலையில் பெரிய வித்தியாசத்தை உண்டாக்குவது மாதம்தான். மசாய் மாரா காப்பகத்தில் வெளிநாட்டவருக்கு நுழைவுக் கட்டணம் ஜனவரியிலிருந்து ஜூன் வரை பெரியவருக்கு நாளொன்றுக்கு 100 டாலர், ஜூலையிலிருந்து டிசம்பர் வரை 200 டாலர். 9 முதல் 17 வயது வரை 50 டாலர். அந்தச் சீட்டு காலை ஆறிலிருந்து மாலை ஆறு வரைதான் செல்லும். அதனால் கிளம்பும் நாளில் எத்தனை மணிக்கு வெளியே வருகிறீர்கள் என்பதை ஏற்பாட்டாளரிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள். வண்டி உங்கள் குடும்பத்துக்கு மட்டுமா, வேறு ஆட்களோடு சேர்த்தா என்றும் கேளுங்கள். குழந்தைகள் இருந்தால் தனி வண்டிக்குக் கொடுக்கும் பணம் வீணாகாது.

என் மகளுக்கு நாலு வயது. கூட்டி வரலாமா?

வரலாம், ஆனால் மூடிய வண்டி எடுங்கள். கூரையை மட்டும் தூக்கிவிடும் லேண்ட் குரூசர் நல்லது. பக்கவாட்டில் திறந்த ஜீப்பில் ஆறு வயதுக்குக் கீழ் ஏற்றாத முகாம்கள் பல உண்டு. நாலு வயதுக் குழந்தை சிங்கத்தை ஐந்து நிமிடம் பார்க்கும், சாணி உருட்டும் வண்டை அரை மணி நேரம் பார்க்கும். பார்க்கட்டும், அவசரப்படுத்தாதீர்கள்.

சுவாஹிலிப் பெயர்களைச் சொல்லிக்கொடுங்கள். சிம்பா என்றால் சிங்கம், ட்விகா ஒட்டகச்சிவிங்கி, டெம்போ யானை. வரிக்குதிரைக்கு புண்டா மிலியா, வரிபோட்ட கழுதை என்று பொருள். குழந்தை அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் ஓட்டுநருக்கு வரும் சந்தோஷமே தனி.

வண்டியில் கூரை திறந்திருக்கிறது. சிங்கம் ஏன் பாய்வதில்லை?

வண்டியையும் உள்ளே இருப்பவர்களையும் சேர்த்து ஒரே பெரிய உருவமாகத்தான் அது எடுத்துக்கொள்கிறது. இரையும் இல்லை, எதிரியும் இல்லை. கையை வெளியே நீட்டினாலோ, இறங்கினாலோ அந்த உருவம் உடைந்துவிடும். ஓட்டுநர் இறங்கச் சொல்லும் இடத்தைத் தவிர எங்கும் இறங்கக் கூடாது, செருப்பு விழுந்தாலும் சரி. ராத்திரி கூடாரத்திலிருந்து சாப்பாட்டு அறைக்குப் போகவும் காவலாளி வேண்டும். ஆற்றோர முகாம்களில் நீர்யானை இரவில்தான் கரையேறிப் புல் மேயும்.

சீட்டாவும் சிறுத்தையும் ஒன்றா? என் பையன் கேட்கிறான், எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

வேறு வேறு. சிறுத்தை என்பது லெப்பர்ட். சீட்டாவுக்குத் தமிழில் சிவிங்கிப்புலி என்று அழகான பெயர் இருக்கிறது. ஒட்டகம் போல உயரம், சிவிங்கி போலப் புள்ளி, அதனால்தான் ஒட்டகச்சிவிங்கி. இதைச் சொன்னால் பையன் மறக்க மாட்டான்.

முகத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். சிவிங்கிக்குக் கண்ணிலிருந்து வாய்வரை கண்ணீர் வழிந்தது போல கருப்புக் கோடு இருக்கும். உடம்பில் பொட்டு வைத்தது போல நிறைந்த புள்ளிகள். சிறுத்தைக்குப் பூ விரிந்தது போல நடுவில் வெளுத்த திட்டுகள். சிவிங்கி வெட்டவெளியில், பகலில் வேட்டையாடும். சிறுத்தையை மரக்கிளையில் தேடுங்கள். இலைக்கு நடுவே ஒரு வால் தொங்கும்.

கண் முன்னால் மானைக் கொன்றால் குழந்தை பயந்துவிடாதா?

இந்தக் கேள்வி எனக்கும் இருந்தது. என் அக்கா மகளுக்கு ஏழு வயதிருக்கும்போது சிவிங்கி ஒன்று தாம்சன் மான் குட்டியைப் பிடித்ததைப் பார்த்தாள். அழுதாள். கொஞ்ச நேரத்தில் புல்லுக்குள்ளிருந்து மூன்று சிவிங்கிக் குட்டிகள் வெளியே வந்தன, வயிறு ஒட்டிப்போய். அவள் அழுகையை நிறுத்திவிட்டு, "இதுக்கும் பசிக்குமில்ல சித்தி" என்றாள். அதற்கு மேல் நான் ஒன்றும் விளக்கவில்லை.

முன்கூட்டியே வீட்டில் பேசிவிடுங்கள். பார்க்கப் பிடிக்காவிட்டால் தலையைத் திருப்பிக்கொள்ளலாம், கிளம்பலாம் என்றால் கிளம்பலாம் என்று சொல்லிவையுங்கள். வண்டியில் இருக்கும் பெரியவர்கள் கத்தாமல் இருந்தால் குழந்தைகளும் பெரும்பாலும் அமைதியாக இருப்பார்கள்.

நாங்கள் சுத்த சைவம்.

கவலையே வேண்டாம். கென்யாவில் இந்திய வம்சாவளியினர் பல தலைமுறையாக வாழ்கிறார்கள். சப்பாத்தி இங்கே உள்ளூர் சாப்பாடு, அதே பெயரில். பருப்பு, காய்கறி, சோறு எல்லா இடத்திலும் கிடைக்கும். முன்பதிவிலேயே சைவம் என்று எழுதிவிடுங்கள். ஊறுகாயும் பருப்புப் பொடியும் கொண்டு வாருங்கள், பிளாஸ்டிக் பையில் மட்டும் வேண்டாம். 2017லிருந்து இங்கே பிளாஸ்டிக் பைக்குத் தடை.

தடுப்பூசி கட்டாயமா?

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி கட்டாயம். பயணத்துக்குப் பத்து நாள் முன்னாலாவது போட்டிருக்க வேண்டும். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் போடுகிறார்கள். ஒரு தடவை போட்டால் ஆயுளுக்கும் செல்லும். சான்றிதழ் இல்லாமல் இந்தியா திரும்பினால் ஆறு நாள்வரை தனிமைப்படுத்துவார்கள். ஒன்பது மாதம் நிரம்பாத குழந்தைக்குப் போடுவதில்லை. மலேரியா மாத்திரையை உங்கள் டாக்டரிடம் கேட்டு ஊரிலேயே தொடங்கிவிடுங்கள்.

நடுக் காட்டில் பாத்ரூம்?

ஓட்டுநரிடம் கூச்சப்படாமல் சொல்லுங்கள். சுற்றிலும் பார்த்து, புதர் இல்லாத இடத்தில் நிறுத்துவார். வண்டிக்குப் பின்னால் போய்விட்டு வரலாம். டிஷ்யூவை அங்கே போடாமல் உறையில் வைத்துத் திரும்பக் கொண்டு வாருங்கள்.

ஐந்து பெரிய மிருகத்தில் ஒன்று விட்டாலும் பணம் வீண்தானே?

சிங்கம், சிறுத்தை, யானை, எருமை, காண்டாமிருகம் என்ற அந்தப் பட்டியலே துப்பாக்கி தூக்கிய வேட்டைக்காரர்கள் போட்டது. நடந்துபோய்ச் சுடுவதற்கு எது ஆபத்தோ அதை வைத்து எண்ணினார்கள். நாம் ஏன் அதைப் பிடித்துக்கொண்டு ஓட வேண்டும்? வானொலியில் தகவல் வந்ததும் ஒரு சிறுத்தையைச் சுற்றி இருபது வண்டிகள் நெருக்குவதை நான் பார்த்திருக்கிறேன். அது குட்டியை விட்ட இடத்துக்குத் திரும்ப முடியாமல் தவித்தது. கிட்டப் போக வேண்டாம் என்று ஓட்டுநரிடம் நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் அவர் கேட்பார். டிப்ஸ் குறையுமோ என்று பயந்துதான் பலர் நெருங்குகிறார்கள்.

அம்மா போனிலிருந்து நான் எழுதுகிறேன், எனக்கு எட்டு வயது. யானை பக்கத்தில் வந்தால் என்ன செய்யணும்?

கண்ணா, பேசாமல் உட்கார்ந்திரு. காதை அகல விரித்துத் தலையைத் தூக்கினால் அதற்குப் பிடிக்கவில்லை என்று அர்த்தம். ஓட்டுநர் மாமா பார்த்துக்கொள்வார். காதை மெதுவாக ஆட்டிக்கொண்டிருந்தால் பயமே வேண்டாம். இங்கே பெண் யானைக்கும் தந்தம் உண்டு, அதையும் கவனி. வண்டியின் இன்ஜினை நிறுத்தியதும் புல்லைப் பிடுங்கும் சத்தம் கேட்கும். பிடுங்கிய புல்லைக் காலில் தட்டித் தட்டி மண்ணை உதறிவிட்டுத்தான் வாயில் போடும். எத்தனை தடவை தட்டுகிறது என்று எண்ணிவிட்டு எனக்கு எழுது.