தாய் ஒரு சபை, தந்தை ஒரு சபை: குழந்தைக்குத் திருமுழுக்கு எப்போது?

கேள்வி: என் கணவர் கத்தோலிக்கர். காசிமேட்டில் விசைப்படகில் தொழில் செய்கிறார். நான் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) குடும்பத்தில் பிறந்தவள். கைக்குழந்தையாக இருந்தபோதே எனக்கு ஞானஸ்நானம் கொடுத்திருக்கிறார்கள். பத்தொன்பது வயதில் வியாசர்பாடியில் ஒரு பெந்தெகொஸ்தே சபையில் முழுக்கு ஞானஸ்நானமும் எடுத்தேன். எங்கள் திருமணம் ராயபுரத்தில் கணவருடைய பங்கு ஆலயத்தில் நடந்தது. மகனுக்கு இப்போது எட்டு மாதம். மீன்பிடித் தடைக்காலம் முடிந்ததும் திருமுழுக்கு, அதாவது ஞானஸ்நானம், கொடுத்துவிட வேண்டும் என்கிறார் மாமியார். பிள்ளை வளர்ந்து தானே விசுவாசித்து எடுக்கட்டும், அதற்கு முன் உன் கணவர் முழுக்கு எடுக்கட்டும் என்கிறார் எங்கள் பாஸ்டர். நான் மறுத்தால் பேரனைத் தானே தூக்கிக்கொண்டுபோய்க் கொடுத்துவிடுவதாக மாமியார் சொல்கிறார். என் அண்ணனை ஞானத்தகப்பனாக வைக்கலாமா? பள்ளிச் சேர்க்கைக்கும் சாதிச் சான்றிதழுக்கும் இதனால் நன்மையா, சிக்கலா?
— ஒரு சகோதரி, தண்டையார்பேட்டை

பதில்: சகோதரி, சான்றிதழ், விருந்து, மாமியாரின் கோபம் ஆகிய எல்லாவற்றுக்கும் முன்பாக நீங்களும் உங்கள் கணவரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்ய வேண்டியது ஒன்று உண்டு. இந்தப் பிள்ளையை எந்தச் சபையின் விசுவாசத்தில், யார் பொறுப்பேற்று வளர்க்கப் போகிறீர்கள் என்பதே அது. அந்த முடிவு இல்லாமல் அவசரமாகக் கொடுக்கப்படும் திருமுழுக்கும் சரி, அந்தப் பேச்சைத் தவிர்ப்பதற்காகவே ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போடப்படும் திருமுழுக்கும் சரி, ஒரு வீட்டுக்கு அமைதியைக் கொண்டுவந்ததை நான் கண்டதில்லை. வடசென்னைப் பங்குகளில் இருபது ஆண்டுகளாகப் பெற்றோருக்குத் திருமுழுக்கு ஆயத்த வகுப்பு எடுத்துவருபவன் என்ற முறையிலும், நான் ஒரு கத்தோலிக்கன் என்பதை மறைக்காமலும் இதை எழுதுகிறேன்.

உங்கள் பாஸ்டரும் மாமியாரும் ஒரே சடங்கைக் குறித்துச் சண்டையிடுவதாக நீங்கள் நினைக்கலாம். உண்மையில் இருவரும் அதை வெவ்வேறு பொருளில் பார்க்கிறார்கள். "விசுவாசமுள்ளவனாகி ஞானஸ்நானம் பெற்றவன் இரட்சிக்கப்படுவான்" என்ற மாற்கு 16:16 வசனத்தில் விசுவாசம் முதலாவதாகவும் ஞானஸ்நானம் இரண்டாவதாகவும் வருகிறது என்பது பெந்தெகொஸ்தே சபைகளின் வாதம். எனவே தன் வாயால் அறிக்கை செய்ய முடியாத குழந்தைக்கு அவர்கள் கொடுப்பதில்லை, தேவாலயத்தில் இயேசு பாலன் ஒப்புக்கொடுக்கப்பட்டதைப்போலப் பிள்ளையைப் பிரதிஷ்டை மட்டும் செய்கிறார்கள். கத்தோலிக்கரும் சி.எஸ்.ஐ. சபையாரும் திருமுழுக்கை முதலாவதாகக் கடவுளின் கொடையாகப் பார்க்கிறார்கள். லீதியாளும் பிலிப்பி நகரச் சிறைக்காவலனும் தங்கள் வீட்டாரோடு ஞானஸ்நானம் பெற்றதாக அப்போஸ்தலர் பணி 16-ஆம் அதிகாரம் கூறுவதை அவர்கள் எடுத்துக்காட்டுவார்கள். அந்த வீடுகளில் கைக்குழந்தை இருந்ததா என்று வேதம் சொல்லவில்லை என்பதையும் நேர்மையாக ஒப்புக்கொள்ள வேண்டும். ஆகவே ஒரே ஒரு வசனத்தைக் காட்டி எதிரிலிருப்பவரின் வாயை அடைத்துவிடலாம் என்று எந்தத் தரப்பும் நம்ப வேண்டாம்.

தண்ணீரின் அளவைப் பற்றிய சர்ச்சைக்கு இவ்வளவு இடம்கூடத் தேவையில்லை. தொடக்கத் திருச்சபையின் மிகப் பழைய நூல்களுள் ஒன்றான தீதாக்கே, ஓடும் நீரில் கொடுக்கச் சொல்கிறது. அது கிடைக்காவிட்டால் வேறு நீரிலும், அதுவும் போதாவிட்டால் தலையில் மூன்று முறை ஊற்றியும் கொடுக்கலாம் என்கிறது. கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டம் மூழ்குவித்தல், ஊற்றுதல் இரண்டையுமே ஏற்கிறது.

இனி உங்கள் வீட்டு நிலைக்கு வருவோம். உங்கள் திருமணம் கத்தோலிக்க ஆலயத்தில் நடப்பதற்கு முன், கலப்புத் திருமணத்துக்கான அனுமதி கோரும்போது, பிள்ளைகளுக்குக் கத்தோலிக்கத் திருமுழுக்கு கொடுக்கவும் அந்த விசுவாசத்தில் வளர்க்கவும் தன்னால் இயன்ற அனைத்தையும் செய்வதாக உங்கள் கணவர் வாக்குறுதி அளித்திருப்பார். அந்த வாக்குறுதி உங்களுக்கும் தெரிவிக்கப்பட்டிருக்க வேண்டும். பழைய நாள்களில் கத்தோலிக்கர் அல்லாத துணையிடமும் கையெழுத்து வாங்கினார்கள். 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பு அப்படிக் கேட்பதில்லை. "தன்னால் இயன்ற அனைத்தையும்" என்ற சொற்களைக் கவனியுங்கள். மனைவியின் மனச்சாட்சியை மிதித்தாவது செய் என்று அவை சொல்லவில்லை; நீ அக்கறை காட்டாமல் விட்டுவிடலாம் என்றும் சொல்லவில்லை. திருமணத்துக்கு முந்திய பரபரப்பில் இந்தத் தாளைப் படிக்காமலே கையெழுத்திடும் மணமகன்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். உங்கள் கணவருக்கு அது நினைவிருக்கிறதா என்று கேளுங்கள், மெதுவாகக் கேளுங்கள்.

பிறந்த சில வாரங்களுக்குள் திருமுழுக்குக்கு ஏற்பாடு செய்யும்படி அதே சட்டம் கத்தோலிக்கப் பெற்றோரைப் பணிக்கிறது. அதற்கு இரண்டு நிபந்தனைகளும் உண்டு: பெற்றோரில் ஒருவரேனும் சம்மதிக்க வேண்டும், பிள்ளை அந்த விசுவாசத்தில் வளர்க்கப்படும் என்ற நம்பிக்கைக்கு அடிப்படை இருக்க வேண்டும். அந்த நம்பிக்கை அறவே இல்லாதபோது பங்குத்தந்தை காரணத்தை எடுத்துச் சொல்லித் தள்ளிவைக்கலாம். என் கருத்தில், உங்கள் கணவர் ஞாயிறு திருப்பலிக்குப் பிள்ளையைத் தூக்கிச் செல்லவும், அவனுக்குச் செபம் சொல்லிக்கொடுக்கவும், பின்னாளில் மறைக்கல்வி வகுப்புக்கு அனுப்பவும் உண்மையிலேயே ஆயத்தமாக இருந்தால், தடைக்காலம் முடியும்வரைகூடக் காத்திருக்கத் தேவையில்லை; இப்போதே கொடுக்கலாம். அவர் ஆண்டுக்கு இருமுறை, கிறிஸ்துமஸ் அன்றும் ஈஸ்டர் அன்றும் மட்டுமே ஆலய வாசலை மிதிப்பவரானால், மாமியாரின் ஆசைக்காக மட்டும் கொடுப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். முதலில் அவர் திரும்பி வரட்டும்.

இதில் உங்கள் இடம் என்ன என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனால் கடிதம் முழுவதும் அந்தக் கேள்விதான் எனக்குக் கேட்டது. சடங்கின்போது விசுவாச அறிக்கை செய்ய மனம் ஒப்பாத பெற்றோர் மௌனமாக இருக்கலாம் என்று திருமுழுக்குச் சடங்கின் முன்னுரையே கூறுகிறது. பிள்ளை அந்த விசுவாசத்தில் பயிற்றுவிக்கப்பட ஏற்பாடு செய்வது, அல்லது குறைந்தது அதைத் தடுக்காமல் இருப்பது, இவ்வளவே உங்களிடம் எதிர்பார்க்கப்படுகிறது. பிள்ளையின் நெற்றியில் சிலுவை அடையாளம் வரையும்படி குரு பெற்றோரை அழைக்கும்போது நீங்களும் வரையலாம். உங்கள் செபமும் உங்கள் வேதவாசிப்பும் அந்தப் பிள்ளைக்கு வேண்டும். தாய் ஒதுங்கிக்கொண்ட வீட்டில் தந்தையால் மட்டும் விசுவாசத்தை ஊட்டுவது எளிதன்று. அதுவும் விடியுமுன் கடலுக்குப் போகும் தந்தைக்கு.

கணவர் மீண்டும் முழுக்கு எடுப்பது பற்றி நான் உறுதியாகவே சொல்கிறேன்: வீட்டு அமைதிக்காக அதைச் செய்ய வேண்டாம். குழந்தைத் திருமுழுக்கைத் திருமுழுக்காகவே ஏற்காததால் உங்கள் பாஸ்டர் பார்வையில் அது முதல் முறை. கத்தோலிக்கத் திருச்சபையோ, தண்ணீரால், தந்தை, மகன், தூய ஆவியாரின் பெயரால் ஒருமுறை கொடுக்கப்பட்டதை ஒருபோதும் திரும்பக் கொடுப்பதில்லை. உங்கள் சி.எஸ்.ஐ. ஞானஸ்நானத்தையும் அது செல்லத்தக்கதாகவே ஏற்கிறது. நீங்களே நாளை கத்தோலிக்கத் திருச்சபைக்கு வந்தாலும் உங்களுக்கு மறுபடி தண்ணீர் ஊற்ற மாட்டார்கள். உலகத் திருச்சபைகள் மன்றத்தின் விசுவாசம் மற்றும் அமைப்பு ஆணையம் 1982-இல் பெரு நாட்டின் லீமா நகரில் ஒப்புக்கொண்ட ஆவணமும், திருமுழுக்கு மீண்டும் நிகழ்த்த முடியாதது என்றும், மறு திருமுழுக்காகக் கருதப்படக்கூடிய எதையும் தவிர்க்க வேண்டும் என்றும் கூறுகிறது. என் வகுப்புக்கு வந்த ஓர் இளைஞர், மனைவியின் மனம் நோகக்கூடாது என்று எண்ணிக் கடலில் முழுக்கு எடுத்துவிட்டு அடுத்த ஞாயிறே பூசைக்கும் வந்து நின்றார். பிறகு அக்காவின் பிள்ளைக்கு ஞானத்தகப்பனாக நிற்க அவரைப் பங்குத்தந்தை ஏற்காதபோதுதான், தான் எடுத்த முடிவின் கனம் அவருக்குப் புரிந்தது. ஒருவர் முழு மனத்தோடு விசுவாசத்தை மாற்றிக்கொள்வது அவருடைய மனச்சாட்சிக்குரியது. மனைவிக்காகத் தலையை நனைத்துக்கொள்வது உங்கள் சபைக்கும் மரியாதை ஆகாது.

மாமியாரிடம் கடிந்து பேசாதீர்கள். திருமுழுக்குப் பெறாமல் ஒரு சிசு இறந்தால் அதன் கதி என்ன ஆகும் என்ற அச்சம் அவர் தலைமுறைக்கு ஆழமாக ஊட்டப்பட்டிருக்கிறது. கடலை நம்பி வாழும் குடும்பத்தில் சாவின் நினைவு எப்போதும் பக்கத்திலேயே இருக்கும். அத்தகைய குழந்தைகளைக் கடவுளின் இரக்கத்தில் ஒப்படைப்பதாகவே கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் கூறுகிறது. அவர்கள் மீட்படைவார்கள் என நம்புவதற்குத் தக்க காரணங்கள் உண்டு என்று வத்திக்கானின் அனைத்துலக இறையியல் ஆணையமும் 2007-இல் எழுதியது. இதைப் பங்குத்தந்தை வாயால் கேட்டால் அவர் மனம் ஆறும். உயிராபத்து நேரும்போது யார் வேண்டுமானாலும் கொடுக்கலாம் என்ற விதி உண்மைதான். ஆனால் நலமாக இருக்கும் பேரனை உங்களுக்கும் மகனுக்கும் தெரியாமல் குழாயடியில் வைத்துத் தண்ணீர் ஊற்றுவது முறையன்று. பின்னாளில் அது நடந்ததா இல்லையா, சொற்கள் சரியாகச் சொல்லப்பட்டனவா என்று விசாரணை செய்து, ஐயம் தீராவிட்டால் ‘முன்பே பெறாதிருந்தால்’ என்ற நிபந்தனையைச் சொல்லி நிபந்தனைத் திருமுழுக்கு கொடுக்கவேண்டிய நிலையை அது உண்டாக்கும்.

உங்கள் அண்ணன் கத்தோலிக்கர் அல்லாதவரானால் ஞானத்தகப்பனாக முடியாது. அவர் திருமுழுக்குப் பெற்ற கிறிஸ்தவர் என்றால், ஒரு கத்தோலிக்க ஞானப்பெற்றோருடன் திருமுழுக்குச் சாட்சியாக நிற்கலாம். ஞானப்பெற்றோர் இருவர் வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை, ஒருவர் போதும். அவர் பதினாறு வயது நிறைந்தவராகவும், நற்கருணையும் உறுதிப்பூசுதலும் (திருமுழுக்கை உறுதிப்படுத்தும் அருளடையாளம்) பெற்றவராகவும், பிள்ளையின் தாய் தந்தை அல்லாதவராகவும் இருக்க வேண்டும். தங்கச் சங்கிலி போடக்கூடியவர் யார் என்று தேடாமல், வாரந்தோறும் பிள்ளையைப் பார்க்க வரக்கூடியவரைத் தேடுங்கள்.

சான்றிதழைப் பற்றி. திருமுழுக்குச் சான்றிதழ் பிறப்புச் சான்றிதழுக்கு மாற்று ஆகாது. குறிப்பாக 2023 அக்டோபர் 1 முதல் பிறந்தவர்களுக்குப் பள்ளிச் சேர்க்கை முதல் கடவுச்சீட்டு வரை மாநகராட்சியின் பிறப்புச் சான்றிதழே பிறந்த தேதிக்கான சான்று. கிறிஸ்தவ நிர்வாகப் பள்ளிகள் சில, கிறிஸ்தவப் பிள்ளைகளுக்கான இடங்களுக்குத் திருமுழுக்குச் சான்றிதழைக் கேட்பதுண்டு. இடம் கிடைப்பதற்காகவே திருமுழுக்கு வேண்டும் என்று ஜூன் மாதத்தில் ஓடிவரும் பெற்றோரைக் கண்டால் எனக்கு வருத்தமாக இருக்கும். பதிவேட்டின் உண்மையான பயன் வேறு: பிள்ளை பின்னாளில் பெறும் உறுதிப்பூசுதலும் திருமணமும் அதே பதிவின் ஓரத்தில் குறிக்கப்படும். எந்த ஊரில் திருமணம் செய்தாலும் திருமுழுக்குப் பெற்ற பங்கிலிருந்து புதிய நகல் கேட்பது அதற்காகத்தான். 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் வீட்டுக் காகிதங்களை இழந்த குடும்பங்கள் ஆலய அலுவலகத்துக்கு வந்து நகல் பெற்றுச் சென்றதை நான் அறிவேன். உங்கள் சபையிலும் உங்கள் ஞானஸ்நானத்துக்கு எழுத்துச் சான்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

சாதிச் சான்றிதழில் சிக்கல் வருமா என்பது உங்கள் கணவருடைய சமூகத்தைப் பொறுத்தது. மீனவர், பட்டினவர், செம்படவர், பர்வதராஜகுலம் ஆகிய சமூகங்களைக் கிறிஸ்தவத்துக்கு மாறியவர்கள் உட்படவே தமிழ்நாடு அரசு மிகவும் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வைத்திருப்பதால், உங்கள் மகன் அப்படிப்பட்ட குடும்பத்தவன் என்றால் அச்சம் வேண்டாம். ஆதிதிராவிடர் குடும்பங்களுக்கு நிலைமை வேறு. 1950-ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணையின்படி பட்டியல் சாதித் தகுதி இந்துக்களுக்கும், 1956 முதல் சீக்கியர்களுக்கும், 1990 முதல் பௌத்தர்களுக்கும் மட்டுமே உண்டு. கிறிஸ்தவத்துக்கு மாறிய ஆதிதிராவிடர் தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோராகவே கருதப்படுகிறார்கள். இந்து என்று கூறிப் பட்டியல் சாதிச் சான்றிதழ் கேட்ட புதுச்சேரிப் பெண் ஒருவரின் மேல்முறையீட்டை உச்ச நீதிமன்றம் 2024 நவம்பரில் தள்ளுபடி செய்தபோது, அவர் கைக்குழந்தையாக இருந்தபோது பெற்ற திருமுழுக்கின் பதிவும் ஆதாரமாக எடுத்துக்கொள்ளப்பட்டது. சேரியிலிருந்து ஆலயத்துக்கு வந்தவன்மீது காட்டப்படும் பாகுபாடு அவன் நனைந்த தண்ணீரோடு போய்விடுவதில்லை என்பதால், அந்த 1950 ஆணை அநீதியானது என்று நான் கருதுகிறேன். ஆயினும் ஒரு பெயரில் ஆலயப் பதிவேடும் இன்னொரு பெயரில் வருவாய்த் துறைச் சான்றிதழும் வைத்துக்கொள்ளும்படி யாரேனும் உங்களுக்கோ உங்கள் உறவினருக்கோ யோசனை சொன்னால் ஏற்காதீர்கள். அதன் விளைவைப் பிள்ளைதான் வேலைக்குப் போகும் வயதில் சுமக்கும்.

செலவுக்காகத் தள்ளிப்போடுவதைப் பற்றியும் ஒரு சொல். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை அறுபத்தொரு நாள் படகு கட்டிக் கிடக்கும்போது கையில் பணம் இருக்காது என்பதையும், மண்டபமும் பிரியாணியும் இல்லாவிட்டால் உறவில் பேச்சு வரும் என்பதையும் நான் அறிவேன். ஞாயிறு திருப்பலியிலேயே திருமுழுக்கை வைத்து, வீட்டில் நான்கு பேருக்குச் சோறு போட்டால் அது குறைவுபட்ட திருமுழுக்கு ஆகிவிடாது. விருந்தை ஆகஸ்டில்கூட வைத்துக்கொள்ளலாம்.

இந்த வாரம் முதலில் நீங்கள் இருவர் மட்டும், மாமியாரும் பாஸ்டரும் உடனில்லாமல், பங்குத்தந்தையைச் சந்தியுங்கள். பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ், உங்கள் திருமணச் சான்றிதழின் நகல், ஞானப்பெற்றோராக நினைத்திருப்பவரின் பங்கிலிருந்து ஒரு கடிதம் ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள். ஆயத்த வகுப்பு என்றைக்கு என்று கேளுங்கள். அதற்குப் பிறகு உங்கள் பாஸ்டரிடம் நீங்களே போய், முடிவு எதுவானாலும் அவர் பிறர் வாயால் கேட்பதற்கு முன் சொல்லிவிடுங்கள். இருவரும் சேர்ந்து, பிள்ளை வளரட்டும் என்றே முடிவு செய்தால், ஏழு வயது நிறைந்தபின் அவன் திருமுழுக்குக்கு வரும்போது பெரியவர்களைப்போலவே அவனுடைய சொந்த விருப்பமும் மறைக்கல்விப் பயிற்சியும் கேட்கப்படும் என்பதைத் தெரிந்துகொண்டே முடிவு செய்யுங்கள். அந்தப் பயிற்சியை அவனுக்கு யார் தொடங்கப் போகிறீர்கள் என்பதையும் அன்றைக்கே பேசிவிடுங்கள்.