விபத்தில் வளைந்த யமஹா ஆர்எக்ஸ் 100 பைக்கின் முன் ஃபோர்க்குக்கு உதிரிபாகம் எங்கே கிடைக்கும்?

1996-லேயே உற்பத்தி நின்ற வண்டி என்பதால் ஷோரூமை நம்பி உட்கார வேண்டாம். சென்னை என்றால், புதுசுக்கு ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு, பழசுக்குப் புதுப்பேட்டை. கழற்றிய ஃபோர்க் பைப்பைக் கையோடு கொண்டுபோய் விட்டம், நீளம் இரண்டையும் ஒப்பிட்டு வாங்குங்கள்.

பழைய பைப் என்றால் கடையிலேயே கண்ணாடி மேல் உருட்டிப் பாருங்கள். வளைவு இருந்தால் நடுவில் வெளிச்சம் தெரியும். பிறகு நகத்தால் நீளவாக்கில் வருடுங்கள். குரோமில் துருப்புள்ளி தட்டினால் வேண்டாம், ஆயில் கசியாமல் தடுக்கும் புது ஆயில் சீலையும் கிழித்துவிடும்.

பெண்டு எடுத்துத் தருகிறேன் என்பார்கள். பலமாக மடங்கிய பைப்பில் அந்த வேலையே வேண்டாம் என்பேன். இரண்டு ஃபோர்க் பைப்பையும் சேர்த்துப் பிடிக்கும் 'டி'-யும் கோணியிருக்கலாம், அதையும் பார்க்கச் சொல்லுங்கள். சீல், ஆயில் எப்போதும் புதுசுதான்.